நல்ல காதின் பக்கம்

தனியார் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குக் காலையில் முதல் கவலை படிப்பு இல்லை, வேன். ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்கள் அடைத்துக்கொண்டு நின்றுவிட்டால் எங்கள் வேன்கள் வந்து சேர்வதற்குள் பிரேயர் முடிந்துவிடும். பள்ளியில் இருந்த காலம் முழுவதும் நான் அதிகமாகக் கடிந்துகொண்டது வேன் டிரைவர்களைத்தான். அதையும் குரல் உயர்த்தாமல்தான் செய்தேன்.

காபியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனை வெளியே என் மனைவியிடம் கொடுக்கச் சொன்னதைத் தவறாக நினைக்க வேண்டாம். நீங்கள் மெர்சி டீச்சரின் புது வக்கீல். நான் அவரை வேலையை விட்டு அனுப்பிய பள்ளியில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற திருமலை. சீராய்வு மனு போடுவதற்கு ஏதாவது அகப்படுமா என்று வந்திருக்கிறீர்கள். அகப்படாது. நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். கோர்ட்டில் கேட்டால் இப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை என்பேன். ஆனாலும் இந்த வெயிலில் படப்பை வரைக்கும் ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி அனுப்புவதுதான் மரியாதை.

பள்ளிக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்தேன். ஆளை வேலையை விட்டு அனுப்புவது என் தொழில். அது கோபத்தில் செய்கிற காரியம் இல்லை. கோபத்தில் அனுப்பினால் அந்த ஆள் லேபர் கோர்ட்டுக்குப் போய், கழுத்தில் மாலையோடு அதே கேட் வழியாகத் திரும்பி வருவான். மெமோ கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். முக்கியமாக, நம் வாயால் குற்றம் சொல்லக்கூடாது. பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன் வாயிலிருந்து அது வர வேண்டும். நான் அனுப்பிய ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

எங்கள் தாளாளர் கோதண்டராமன் அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போனது, மீதியில் பள்ளிக்கூடம் கட்டினார். அவருக்கு நெல் தெரியும், லாரி தெரியும். டீச்சர்களை வைத்துச் சமாளிக்கத் தெரியாது.

மெர்சி ஆறாம் வகுப்பு வரைக்கும் சயின்ஸ் எடுத்தார். நல்ல டீச்சர், அதை மறுக்க மாட்டேன். கணவர் யாக்கோபு ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். மெர்சியிடம் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. ஸ்டாஃப் மீட்டிங்கில் மட்டும், வகுப்பு நடக்கும்போது பெண் பிள்ளைகளைப் பாத்ரூம் போக விடமாட்டேன் என்கிறீர்களே சார், அது சரியா என்பது மாதிரி ஏதாவது கேட்பார். மரியாதையாகத்தான் கேட்பார். மற்ற டீச்சர்கள் தலையைக் குனிந்துகொண்டு உதட்டைக் கடிப்பார்கள்.

பிரவீனா அப்போது ஐந்தாம் வகுப்பு. அவள் அம்மா ஜோதி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நிற்கிறவள். அப்பன் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டான். குழந்தை ஓயாமல் பேசும். பேசுவதைவிட, மற்றவர்கள் பேசுவதைப் பேசிக் காட்டும். பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டுக்காரி, சர்ச் பாஸ்டர் என்று ஒருவரையும் விட்டுவைக்காது.

அன்றைக்கு அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்தது. பிரேயருக்காகப் பிள்ளைகள் கிரவுண்டில் நின்றார்கள். தாளாளர் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். நான் ஒரு வேன் இன்னும் வரவில்லையே என்று வராந்தா வரைக்கும் போயிருந்தேன். என் அறையில் மைக் போட்டபடி இருந்தது. சாக்பீஸ் எடுக்க வந்த பிரவீனா அதைப் பார்த்திருக்கிறாள்.

ஒலிபெருக்கியில் என் தொண்டைச் செருமல் கேட்டது. பிறகு என் குரல். "டிரைவர், நான் கோபப்படலை. ஆனா கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க." மறுபடியும் செருமல். "நான் கோபப்படவே மாட்டேன்."

கிரவுண்டு முழுவதும் சிரித்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், டீச்சர்கள் சிரித்தார்கள், டிரைவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரித்தார்.

நான் ஓடவில்லை, நடந்துதான் உள்ளே போனேன். மைக்கை அணைத்தேன். அதற்குப் பிறகு அடித்தேன். இந்த வரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும். கோபத்தில் இருக்கிறவன் மைக்கை அணைக்க மாட்டான். ஓர் அடிதான். கன்னத்துக்கு என்று ஓங்கியது, குழந்தை முகத்தைத் திருப்பியதால் காதில் விழுந்தது. கீழே விழும்போது மேஜைக் காலில் தலையும் இடித்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் மெர்சி. மற்றவர்கள் இன்னும் கிரவுண்டில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காதிலிருந்து வந்த ரத்தத்தைப் புடவைத் தலைப்பால் அழுத்திப் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார் பண்ணிட்டீங்க?"

அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் ஒரு கணம் நின்று, "ஜோதியக்கா வந்ததும் நான் சொல்லிடுவேன் சார். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டா நல்லாருக்கும்" என்றார். ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

எனக்கு அவகாசம் கொடுத்துவிட்டுப் போனார். அதை அவர் செய்திருக்கக்கூடாது. இன்றைக்கும் அவருக்காக நான் வருத்தப்படுகிற ஒரே விஷயம் அதுதான்.

ஜோதியின் கம்பெனியில் லைனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். மெர்சி எத்தனை தடவை கூப்பிட்டாலும் அது லாக்கருக்குள்தான் அடித்துக்கொண்டிருக்கும். அங்கே ஹெச்.ஆரில் இருந்தவர் என்னுடைய பழைய ஜூனியர். அவரிடம் சொல்லி ஜோதியை வெளியே வரவழைத்தேன். என் காரில் நானே கூட்டிப்போனேன். வழியில், "ஒரு டீச்சர் கொஞ்சம் கை நீட்டிட்டாங்கம்மா. யாருன்னு பாப்பாவே சொல்லட்டும். நான் யார் பேரையும் சொல்லமாட்டேன்" என்றேன். சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மெர்சி எழுந்து வந்து, "அக்கா, அடிச்சது இவருதான்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. வருத்தமாகத் தலையை மட்டும் ஆட்டினேன். ஜோதி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவர் புடவையெல்லாம் அவள் மகளின் ரத்தம். இன்னொருவர் அவளை லைனிலிருந்து வெளியே எடுத்து ஏசி காரில் கூட்டிவந்தவர். நீங்களாக இருந்தால் யாரை நம்புவீர்கள்?

குழந்தை சில நாள் வாயே திறக்கவில்லை. செவிப்பறை கிழிந்திருந்தது. அப்புறம் சீழ் வைத்தது. இடது காது இனிமேல் கேட்காது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஜோதி லீவு போட்டால் கான்ட்ராக்டில் இருந்து எடுத்துவிடுவார்கள். அதனால் அவள் ஷிஃப்டுக்குப் போகிற நேரத்தில் நானும் என் மனைவியும் போய் உட்கார்ந்திருந்தோம். என் மனைவி கஞ்சி கொடுப்பாள். நான் கட்டிலுக்கு வலது பக்கம், நல்ல காதின் பக்கமாக, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். மெர்சி பார்க்க வந்தால் உள்ளே விட வேண்டாம், குழந்தை மிரளுகிறாள் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கேள்வி மட்டும் கேட்டேன்.

"ரத்தம் யார் கையில இருந்துச்சு பாப்பா?"

"மெர்சி டீச்சர் கைல."

உண்மைதானே. உன் காதை அமுக்கிப் பிடித்தது யார் என்று கேட்டேன். டீச்சர் என்றாள். அமுக்கும்போது வலித்ததா என்றேன். ரொம்ப வலித்தது என்றாள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று உன்னை ஒருநாள் வெளியே நிற்க வைத்தார்களே, அது யார் என்றேன். அதுவும் மெர்சிதான். இதில் ஒன்றாவது பொய்யா? மறுநாள் அதே கேள்விகளை வரிசை மாற்றிக் கேட்பேன். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். கம்பெனியில் நாற்பது வயது ஆண்களிடம் இதைச் செய்யத்தான் கஷ்டம். குழந்தைகள் நம்மைச் சந்தோஷப்படுத்த விரும்புகிறவர்கள்.

ஆரம்பத்தில் ஒரு தடவை, "நீங்கதான சார் அடிச்சீங்க?" என்று கேட்டாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். "அடிபட்டா அப்படித்தான் எல்லாம் கொழம்பும் கண்ணு. நான் ஓடி வந்தப்ப நீ கீழ கெடந்த இல்ல?" என்றேன். அதுவும் கேள்விதான். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஆட்டினாள். மறுபடியும் அதைக் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போன பிறகு அவளாகவே ஜோதியிடம் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது பக்கத்தில்கூட இல்லை.

ஜோதி மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு வந்தாள். டிபன் பாக்ஸோடு பிள்ளைகள் உட்கார்ந்திருந்த வராந்தாவில் மெர்சியைக் கன்னத்தில் அறைந்தாள். "எம் பொண்ணு காத செவிடாக்கிட்டு அடுத்தவங்க மேல கைய காட்றியாடி" என்றாள். மெர்சி கையைக்கூடத் தூக்கவில்லை. நான்தான் குறுக்கே போய் விலக்கிவிட்டேன். அன்று சாயங்காலமே போலீஸுக்குப் போகிறேன் என்ற ஜோதியை உட்கார வைத்து, பாப்பாவை ஸ்டேஷனில் வைத்துக் கேள்வி கேட்பார்கள், அது தாங்குமா என்று எடுத்துச் சொன்னேன். மெர்சியை ஜெயிலுக்குப் போகாமல் திருமலை சார் காப்பாற்றிவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொண்டார்கள். அதுவும் ஒரு வகையில் சரிதான்.

அப்புறம் மெமோ, விளக்கம், விசாரணை. அடித்தவரே விசாரணைக்கு ஏற்பாடு செய்கிறார் என்று மெர்சி எழுதிக் கொடுத்தார். நிர்வாகத்தை அவமதித்ததாக அதையும் குற்றச்சாட்டில் சேர்த்துக்கொண்டோம். கோதண்டராமன் மட்டும் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசமாவே அந்தம்மாதான் அடிச்சாங்களா திருமலை?" என்று கேட்டார்.

"கொழந்தையே சொல்லிடுச்சேங்க ஐயா."

அவர் மேலே கேட்கவில்லை. பெரும்பாலான மனிதர்களுக்குப் பதில் என்று ஒன்று கிடைத்தால் போதும். அது சரியான பதிலாக இருக்க வேண்டியதில்லை.

பணிநீக்கத்தை எதிர்த்து மெர்சி போட்ட மேல்முறையீட்டில் எனக்கு முதல் தடவையாகச் சறுக்கியது. விசாரணையில் பிரவீனாவைக் குறுக்குக் கேள்வி கேட்க மெர்சியை நான் அனுமதிக்கவில்லை. தீர்ப்பாயம் அதைப் பிடித்துக்கொண்டு பணிநீக்கம் செல்லாது என்றது. மெர்சி அன்றைக்குத் தீர்ப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்து யாக்கோபின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். நாங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனோம். அங்கே தடை கிடைத்தது. வழக்கு வருஷக்கணக்கில் தூங்கியது. கடைசியில், பிரவீனாவைத் தீர்ப்பாயமே நேரில் விசாரித்து முடிவு செய்யட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டு போனால் யாருக்கு நஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். மெர்சி வேறு பள்ளிகளில் வேலை கேட்டார். அங்கிருந்து எனக்குப் போன் வரும். "அவங்களப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை" என்பேன். கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார், அதையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். குழந்தையைச் செவிடாக்கியவரிடம் குழந்தைகளை எப்படி விடுவார்கள்? கடைசியில் அவரும் ஒரு கம்பெனி லைனில் போய் நின்றார்.

பிரவீனாவை நான் கைவிடவில்லை. வலது காது டீச்சர் பக்கம் இருக்கிற மாதிரி எந்த வகுப்பிலும் முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். பிறந்தநாளுக்கு என் வீட்டில்தான் கேக். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் உனக்கு ஏன் ஒரு காது கேட்காது என்று கேட்பார்கள். அவள் சொல்லுவாள். வருஷா வருஷம் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுடையதாகிவிட்டது. யாரையும் பேசிக் காட்டுகிற பழக்கம் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நின்றுபோயிருந்தது. பெண் பிள்ளைக்கு அடக்கம் நல்லதுதான்.

தீர்ப்பாயத்தில் அவள் கூண்டில் ஏறியபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு முன்னால் இருந்த வக்கீல் பிரவீனாவைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார். அவள் தடுமாறவில்லை. பொய் சொல்கிறவர்கள்தான் தடுமாறுவார்கள். பிறகு மெர்சி எழுந்து, தானே கேட்க அனுமதிக்க வேண்டும் என்றார்.

"பிரவீனா, நான் உன்ன அடிச்சனா?"

"ஆமா டீச்சர்."

"எதுக்கு அடிச்சேன்?"

பிரவீனாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பேசிக்கினே இருப்பேன்ல. உங்களுக்கு அது புடிக்காது. அடிச்சிட்டு நீங்களே தூக்கினு போனீங்க பாருங்க, அத்தத்தான் டீச்சர் என்னால மறக்க முடியல."

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்தக் காரணத்தை நான் கொடுக்கவில்லை. அது அவளுக்குள் தானாக முளைத்திருந்தது.

மெர்சி திரும்பி என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அழாத" என்றார். நீதிபதியிடம், "வேற கேள்வி இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவரும் அழுதிருந்தால் தீர்ப்பு வேறு மாதிரி வந்திருக்கலாம். சாட்சியம் இயல்பாகவும் நம்பத்தகுந்ததாகவும் இருக்கிறது என்றார்கள். மேலே, உயர் நீதிமன்றத்திலும் அதையே உறுதி செய்தார்கள்.

உங்கள் முகம் மாறுகிறது. நீங்கள் என்னை வெறுக்கலாம், உங்கள் வேலையே அதுதான். ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் கட்சிக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

மேலே தோற்ற பிறகு மெர்சி இங்கே வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலைக்காக வரல சார். ஸ்ரீபெரும்புதூர்ல கோயிலாண்ட பிரவீனாவப் பாத்தேன். என்னப் பாத்ததும் கையி காதுகிட்ட போய்டுச்சு. நடுங்கினு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுது. நான் திரும்ப அடிச்சிடுவேன்னு அது பயப்படுது சார். அந்தப் பயத்தோட அது வாழ வேணாம். கோர்ட்டுக்கு ஒண்ணும் சொல்லாதீங்க. அந்தப் பொண்ணாண்ட மட்டும் சொல்லிடுங்க."

சொல்கிறேன் என்றேன். இனிமேல் சட்டப்படி எதுவும் ஆகப் போவதில்லை. நான் கல்நெஞ்சக்காரனும் இல்லை.

பிரவீனா இப்போது குன்றத்தூர்ப் பக்கம் காலேஜில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவாள். அடுத்த முறை வந்தபோது, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த சோபாவில், அவளுக்கு வலது பக்கமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைக், சிரிப்பு, என் கை, ஆஸ்பத்திரியில் நான் கேட்ட கேள்விகள், எதையும் மறைக்கவில்லை. உங்களிடம் சொன்னதைவிடத் தெளிவாகவே சொன்னேன்.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"மெர்சி டீச்சர் இங்க வந்தாங்கன்னு ஆன்ட்டி சொன்னாங்க சார். அழுதிருப்பாங்க. உங்களுக்கு மனசு கேக்கல. அவங்களுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கிறீங்க."

"இல்ல பிரவீனா. நான்தான் அடிச்சேன்."

"சார், அடி வாங்குனவ நானு. எனக்குத் தெரியாதா?"

அவள் கண் கலங்கியிருந்தது. இப்படி ஒரு மனுஷன் இருப்பாரா ஆன்ட்டி என்று என் மனைவியிடம் போய்ச் சொன்னாள். சமையல் கட்டில் இருவரும் அழுதார்கள். நான் மறுபடியும் சொல்ல முயலவில்லை. மெர்சிக்கு வாக்குக் கொடுத்தபடி சொல்லியாகிவிட்டது. அவள் நம்பாததற்கு நான் பொறுப்பாக முடியாது. வேண்டுமானால் நீங்களே போய் அவளிடம் கேட்டுப் பாருங்கள், விலாசம் தருகிறேன்.

அடித்தது நீங்கள்தானே என்று இப்போது நேராகக் கேட்கிறீர்கள். ஆமாம், நான்தான். காபி ஆறுவதற்கு முன்பிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கே கொஞ்சம் யோசனையாக இருக்கிறது. எனக்கும் வயதாகிறது, ஞாபகம் முன்போல இல்லை. அவளோ சின்ன வயசு, அடி வாங்கியவள், பொய் சொல்லத் தெரியாத பெண். அவ்வளவு உறுதியாக அவள் சொல்லும்போது, என்னால் ஒரு குழந்தையை அடித்திருக்க முடியாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.